டர்ஃப் அண்ணன்

கோவையில் வடவள்ளி, காளப்பட்டி, சரவணம்பட்டி பக்கம் நாலு சென்ட் காலியிடம் விட்டு வீடு கட்டியவர்கள் நடுவில் இந்த இனம் பெருகி வருகிறது. வயது நாற்பத்தைந்துக்கு மேல். ஒரு முட்டியில் நிரந்தரமாக நீ-கேப். காலேஜ் டீமில் ஒன் டவுன் இறங்கியவர் என்பார். பார்த்த சாட்சிகள் எல்லாரும் வெளிநாட்டில் செட்டிலாகிவிட்டார்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து ஆபீஸ் பையன்களோடு பாக்ஸ் கிரிக்கெட் ஆடிவிட்டு வரும் ஏதோ ஓர் இரவில் அவருக்கு ஞானம் பிறக்கும்: “இந்தக் காசுக்கு நம்ம பொடக்காலியிலயே டர்ஃப் போட்டுறலாம்ல?”

அதன்பிறகு அந்த வீட்டு டீப்பாயில் காப்பித் தம்ளர் வைக்க இடம் கிடைக்காது. உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய சாம்பிள் புல் துண்டுகள். வந்தவர்கள் எல்லாரும் தடவிப் பார்த்தாக வேண்டும். “இது கிரிக்கெட்டுக்கு, 12 எம்எம். இது ஃபுட்பாலுக்கு, 50. கண்ண மூடிட்டுத் தடவிச் சொல்லுங்க பார்க்கலாம்.” மச்சினியைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூடத் தடவிவிட்டுத்தான் பஜ்ஜியில் கை வைத்தார்கள்.

தடை வருவது வீட்டுக்குள்ளிருந்துதான். கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, துணி காயப்போடும் கொடி. டர்ஃப் அண்ணன் வரலாற்றைத் துணைக்கு அழைப்பார். “1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்ல முதல் தடவையா ஹாக்கிய செயற்கைப் புல்லுல வெச்சாங்க. நம்ம டீம் ஏழாவது எடம். ஏன்? நமக்குப் பழக்கமில்ல.”

“அதுக்கு என் முருங்க என்னங்க பண்ணுச்சு?”

இந்தக் கேள்விக்கு ஹாக்கி சம்மேளனத்திடமும் பதில் இருக்காது.

செயற்கைப் புல் பிரபலமான கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1965-இல் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட மைதானத்தைத் திறந்தார்கள். கூரையின் கண்ணாடித் தகடுகள் வழியே வந்த வெளிச்சம் கூசியதில் பேஸ்பால்காரர்களுக்கு மேலே போன பந்து தெரியவில்லை. தகடுகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெயில் இல்லாமல் உள்ளே இருந்த புல் செத்தது. அதனால் 1966-இல் பிளாஸ்டிக் புல்லை விரித்தார்கள். ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயரே அப்படி வந்தது. வெயில் கிடைக்காதவர்கள் கண்ட வழி அது. நம்மவரோ வெயிலைத் தவிர வேறெதுவும் தாராளமாகக் கிடைக்காத இடத்தில் அதையே விரிக்கிறார்.

முருங்கை போனதும் வேலை ஆரம்பம். மண்ணைத் தோண்டி, ஜல்லி கொட்டி, ரோலர் ஓட்டி, நூற்றுக்கு ஒன்று வாட்டம் விடவேண்டும். வாட்டம் சரியா என்று அண்ணன் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். அது நேரே பக்கத்து வீட்டு காம்பவுண்டுக்கு ஓடும். மறுபடி ரோலர். புல் சுருள் வந்திறங்கும் நாளில் லீவு போட்டுவிடுவார். எல்லாச் சுருளிலும் புல் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று திரும்பிவிட்டாலும் அந்தப் பட்டை மட்டும் வேறு பச்சையாகத் தெரியும். எனவே ஒட்டுகிற பையன்களுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி ஜாயின்ட் பார்ப்பார். பையன்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் பசை டப்பாவை எடுத்துப் போவார்கள்.

முடிந்தபின் அளந்தால் 48 அடிக்கு 24. கிரிக்கெட் பிட்ச் மட்டுமே 66 அடி. ஆகவே அண்டர்ஆர்ம் பவுலிங். பேட்மின்டனுக்கு 44-க்கு 20 போதும் என்று மஞ்சள் கோடும் உண்டு. ஆனால் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தால் ஷட்டில் சூலூருக்குப் போய்விடும். எந்த மகனுக்காக இதெல்லாம் என்று சொல்லப்பட்டதோ அந்த மகன் தெருவில் ஆடுகிறான். காரணம், வாசலில் தொங்கும் போர்டு: ஷூ ஆணி கூடாது, சூயிங்கம் கூடாது, எண்ணெய்ப் பலகாரம் கூடாது. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு மாடியில் மட்டும். கார்த்திகைக்கு அகல் விளக்கு கொல்லைப் பக்கமே வரக்கூடாது.

டர்ஃப் அண்ணன் ஆடுவதும் குறைவுதான். அவருக்கு வேலை இருக்கிறது. படுத்த புல்லை பிரஷ் போட்டு நிமிர்த்த வேண்டும். உள்ளே கொட்டிய மணலும் பழைய டயரை அரைத்த ரப்பர் தூளும் ஒரு மூலைக்குச் சேராமல் பரப்ப வேண்டும். மீதித் தூளை மனைவி தலையணை உறையிலிருந்து சேகரித்துத் தருவார். பிறகு சூடு. யூட்டா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகம் தன் செயற்கைப் புல் மைதானத்தை அளந்தபோது 93 டிகிரி செல்சியஸ் இருந்ததாம். கோவைக்கு அவ்வளவு வேண்டாம். சித்திரை மதியம் வெறுங்காலை வைத்தால் போதும், தெரிந்துவிடும். எனவே சாயங்காலமானால் ஹோஸ் பைப்போடு நிற்பார். “தண்ணியே தேவையில்லீங்க” என்று சொல்லி விற்ற புல்லுக்கு, ஊரே பெருமை பேசும் சிறுவாணித் தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து, “அண்ணா, எத்தன இஞ்ச் வளந்திருக்குதுங்க?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்.

இந்தச் சூட்டுக்கு உபயோகம் கண்டுபிடித்தவர் அண்ணனின் அம்மா. ஒரு நாள் காலையில் பெனால்டி பாக்ஸ் முழுக்கப் பழைய வேட்டியை விரித்துக் கூழ் வத்தல் பிழிந்துவிட்டார்.

“அம்மா! இது மல்டி-ஸ்போர்ட் டர்ஃப்!”

“இருக்கட்டுங்கண்ணு. மாடியில ரெண்டு நாள் ஆகும். இங்க மத்தியானமே சலசலங்குது.”

இப்போது டைம் டேபிள் போட்டிருக்கிறார்கள். காலை ஆறிலிருந்து எட்டு வரை விளையாட்டு. எட்டிலிருந்து நாலு வரை வத்தல், வடகம், மிளகாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்பது வரை ஆடலாம், அதுவும் சிக்ஸர் அடிக்காமல்.