நண்டு, கல்வெட்டு, முடிவிலி

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் குடியிருந்தவர்களுக்கு நினைவிருக்கும், அங்கே யாருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் நிலைத்ததில்லை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி என்றால் அவர் விற்கிற இருமல் மருந்தின் பெயர். சினிமா வாய்ப்புக்காகக் கோடம்பாக்கம் போய்வருகிறவர் என்றால் அவர் நடையில் யாரைக் காப்பியடிக்கிறாரோ அந்த நடிகரின் பெயர். சேப்பாக்கத்துக்கும் கிண்டிக்கும் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்த எங்களைப் போன்ற ஆராய்ச்சி மாணவர்கள் என்றால் ஆராய்ச்சிப் பொருளே பெயர். எங்கள் மாடியில் நண்டு இருந்தார், கல்வெட்டு இருந்தார், பூஞ்சை இருந்தார், கணிதத்தில் ஏதோ ஒரு முடிவில்லாத தொடரைப் பிடித்துக்கொண்டு முடிவில்லாமல் ஆராய்ந்துகொண்டிருந்த முடிவிலியும் இருந்தார். சங்க இலக்கியத்தில் கடற்கரைப் பாட்டுகளை எடுத்துக்கொண்டதால் நான் நெய்தல். கேட்க அழகான பெயர்தான், மெஸ்ஸில் பரிமாறுகிறவர் ‘நெய்தலுக்கு இன்னொரு கரண்டி ரசம்’ என்று சத்தம் போடும்வரை.

உதவித்தொகை எங்களுக்கு மாதாமாதம் வந்ததாக நினைவில்லை. மழை மாதிரி பொய்த்துக் கிடந்து, ஒருநாள் நிலுவையெல்லாம் சேர்த்துக் கொட்டும். யாருக்குக் கொட்டியதோ அவர் அன்று எல்லோருக்கும் டீ வாங்கித்தர வேண்டும் என்பதும், வாங்கித்தந்தவர் டீ தீரும்வரை தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசலாம், மற்றவர்கள் எழுந்துபோகக் கூடாது என்பதும் எழுதப்படாத சட்டம். வேறு பொழுதுபோக்கு இல்லாத வயிறுகளும் காதுகளும் அந்தச் சட்டத்தை மதித்தன. ஒரு கிளாஸ் டீயைப் பூஞ்சை எவ்வளவு நேரம் குடிப்பார் என்பதைப் பார்த்தவர்கள்தான் நம்புவார்கள். நெல்லின் இலையில் வருகிற புள்ளி நோயைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால், ஆறிப்போன டீயில் ஆடை படிந்து, அந்த ஆடையையே உதாரணம் காட்டி முடிப்பார்.

அந்த வயதில் எனக்கு என் துறையைத் தவிர மற்றதெல்லாம் வேடிக்கையாகத்தான் தெரிந்தது. வளர்ந்த மனிதர் ஒருவர் காலையில் எழுந்து, பல் தேய்த்து, நண்டின் காலை எண்ணப் போகிறாரே என்று மனத்துக்குள் சிரித்துக்கொள்வேன். நண்டு மனத்துக்குள் சிரிக்கிற ஆள் இல்லை. “ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி ஒருத்தர் எழுதிட்டார். அதை நீங்க இன்னொரு தடவை எழுதுறதுக்கு கவர்மென்ட் பணம் தருதா நெய்தல்?” என்று நேராகவே கேட்டார். நான் பதிலுக்கு ஐங்குறுநூற்றை எடுத்து வீசினேன். அதில் மருதப் பகுதியில் பத்துப் பாட்டு முழுக்க நண்டுக்கென்றே இருக்கிறது, ஒரு பாட்டில் நண்டின் நீண்ட கண்ணுக்கு வேப்பம் மொட்டு உவமையாகிறது, வயல் நண்டைப் பார்த்துப் பழகிய ஒருவர் சொன்னது, உங்கள் சோதனைக்கூடம் முளைப்பதற்கு முன்பே நாங்கள் கவனித்தாயிற்று என்று ஒரே மூச்சில் முழங்கினேன். ‘நாங்கள்’ என்று கபிலர், பரணர், ஓரம்போகியார் எல்லோரையும் என் பக்கம் உட்காரவைத்துக்கொண்டு பேசுவதில் அப்போது எனக்குக் கூச்சமே கிடையாது.

நண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தான் தினமும் கத்தரிப்பது அந்த வேப்பம் மொட்டைத்தான் என்றார். நண்டின் கண்காம்புக்குள் ஒரு சுரப்பி அமைப்பு இருக்கிறது. அது சுரப்பது ஓடு கழற்றுவதைத் தடுத்து வைக்கிறது. காம்பை நீக்கிவிட்டால் நண்டு காலத்துக்கு முன்பே பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு மெத்தென்று நிற்கும். அவர் ஆராய்ச்சியே அதில்தான். புலவர் கண்ணை மட்டும் பார்த்தார், உள்ளே கடிகாரம் இருந்தது அவருக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு என் டீயையும் குடித்தார். அன்று இரவு மெரினாவில் டார்ச் விளக்கோடு என்னை அழைத்துப்போய், மணலில் வளை தோண்டி நிழல்போல் ஓடுகிற கடற்கரை நண்டுகளைக் காட்டினார். நெய்தல் பாட்டுகளில் பெண்கள் துரத்தி விளையாடுகிற அலவன் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல, “இதைத் துரத்திப் பிடிக்க முடியாது, அந்தப் பொண்ணுங்களுக்கு வேற வேலை இருந்திருக்கும்” என்று அவர் சொன்ன உரை, உச்சிமேற் புலவர் எவர் உரைக்கும் குறைந்ததில்லை.

இதையெல்லாம் அடிக்குறிப்பாக என் ஆய்வேட்டில் சேர்த்தேன். நான் பதிவு செய்திருந்த கல்லூரித் தமிழ்த்துறையில் அது சிவப்பு மையால் அடிபட்டுத் திரும்பியது. ஓரத்தில் ‘இது விலங்கியல்’ என்று எழுதியிருந்தது. இப்போது என் தங்கை மகள் ஓலைச்சுவடிப் படங்களைக் கணினிக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆராய்ச்சியில் இருக்கிறாள். அவள் நிரப்புகிற விண்ணப்பத்தில் ‘பல்துறை அணுகுமுறையை விளக்குக’ என்று ஒரு கட்டமே இருக்கிறது, அதைக் காலியாக விட்டால் விண்ணப்பம் நகராதாம். கட்டத்தை நிரப்ப அவளுக்கு ஒரு விலங்கியல்காரரோ கணிதக்காரரோ கிடைக்காமல், மின்னஞ்சலில் முகம் தெரியாத ஒருவரை இணை வழிகாட்டியாகச் சேர்த்திருக்கிறாள். பக்கத்து அறையில் யார் என்று கேட்டேன். “யாரோ ஒரு அக்கா, மாமா. எப்பவும் ஹெட்ஃபோன் போட்டிருப்பாங்க” என்றாள்.

எங்கள் காலத்தில் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த நூற்பட்டியல் அட்டைப் பெட்டிகள் நினைவுக்கு வராமல் இருக்காது. கணித ஆசிரியராக இருந்து 1924-இல் அங்கே நூலகராக வந்த எஸ்.ஆர். ரங்கநாதன், உலகத்து அறிவையெல்லாம் எழுத்தும் எண்ணும் புள்ளியுமாக அடுக்கி 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில் விலங்கியலுக்குக் ‘கே’, இலக்கியத்துக்கு ‘ஓ’, அதில் தமிழுக்கு முப்பத்தொன்று. நடுவே மருத்துவம், தொழிற்கலை, நுண்கலை போன்ற சில வகுப்புகளே. ஆகையால் நண்டிலிருந்து குறுந்தொகைக்கு நடந்தே போய்விடலாம், போகிற வழியில் ஒருவர் வயலின் சுருதியைப் பற்றியோ குடல்புழுவைப் பற்றியோ படித்துக்கொண்டிருப்பதைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கலாம், தேடாத அட்டை ஒன்று விரலில் சிக்கி அரை நாள் பாழாகலாம். அப்படிப் பாழான அரை நாட்களில்தான் நான் கொஞ்சம் படித்தவனானேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அப்போது அட்டை ஒழுங்கில்லை என்று நூலகத்தை வைதேன்.

விஞ்ஞானக்காரர்களுக்கு எங்களுக்கு இல்லாத ஒரு சுகம் இருந்தது. ‘கரன்ட் கன்டென்ட்ஸ்’ என்று ஒரு குட்டி வாராந்தரி; உலகத்து ஆய்விதழ்களின் பொருளடக்கப் பக்கங்களை மட்டும் அச்சடித்து, பின்னால் ஆசிரியர்களின் முகவரியும் கொடுப்பார்கள். அதைப் பார்த்து, தங்கள் கட்டுரையின் ஒரு பிரதியை அனுப்பி உதவுமாறு அச்சடித்த அஞ்சலட்டையைக் கனடாவுக்கும் ஜப்பானுக்கும் இவர்கள் போட, மாதங்கள் கழித்துப் பழுப்பு உறையில் கட்டுரை வந்து இறங்கும், சில சமயம் மேலே கையெழுத்தோடு. கட்டுரை நண்டுக்கு, தபால்தலை மேன்ஷன் மேனேஜர் மகனுக்கு என்று பாகப்பிரிவினை. பையன் பெரிய சேகரிப்பாளனாகிவிட்டான், உறைக்குள் இருந்ததைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. இன்று தங்கை மகள் பொத்தானை அழுத்தினால் கட்டுரை வருகிறது, அழுத்தாமலேகூட வருகிறது. அவள் கணினியில் படிக்காத கட்டுரைகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. நண்டோ காத்திருந்து கிடைத்த ஒரே காரணத்துக்காகத் தனக்குத் தேவையில்லாத கட்டுரையைக்கூடக் கடைசி வரி வரைக்கும் படிப்பார், நன்றியுரை உட்பட.

கல்வெட்டின் நகங்கள் எப்போதும் கறுப்பு. கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துக் குழிக்குள் தாள் இறங்கும்படி தூரிகையால் அடித்து, மையைப் பொட்டலத்தால் ஒற்றியெடுக்கிற மைப்படி வேலையை அவர் விவரிக்கும்போது சாப்பாட்டு இலையில் அப்பளத்தை வைத்துச் செய்முறை விளக்கமும் நடக்கும். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் தொரு மட்சுயியும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளின் ஆட்பெயர்களைத் தொகுத்து 1978-இல் கொண்டுவந்திருந்த பெயர்ச் சொல்லடைவை யாரிடமோ கடன் வாங்கி வைத்திருந்தார். அதை ஒருநாள் முடிவிலி புரட்டிவிட்டு, பெயர்கள் ஊர்வாரியாக எப்படிச் சிதறுகின்றன என்று பார்க்க எளிய கணக்கு ஒன்று போதுமே என்று சிகரெட் அட்டையில் போட்டுக் காட்டினார். கல்வெட்டு அந்த அட்டையைப் பத்திரப்படுத்தினார், பயன்படுத்தவில்லை. கணக்கு சரியா தப்பா என்று சொல்ல அவருக்குத் தெரிந்த இன்னொரு கணக்கர் இல்லை.

முடிவிலியோடு வாதாட முடியாது, எதற்கெடுத்தாலும் ராமானுஜனை இழுப்பார். எஃப்.ஏ. தேறாத துறைமுகக் குமாஸ்தாவுக்கு 1913-இல் மாதம் எழுபத்தைந்து ரூபாய் கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொன்னது மெட்ராஸ் பல்கலைக்கழகம். அவரிடம் கேட்டது மூன்று மாதத்துக்கு ஒரு முன்னேற்ற அறிக்கை. முடிவிலி அந்தக் கணக்கில் தானும் எழுபத்தைந்து ரூபாய்க்குரிய சுதந்திரத்தை எதிர்பார்த்தார். கிண்டியில் பௌதிகம் படித்த ஒருவர் வந்தால் பேச்சு ஜி.என். ராமச்சந்திரன் பக்கம் திரும்பும். பக்கத்திலேயே இருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியால் கங்காருவின் வால் தசைநாணை வாங்கி, எக்ஸ்-கதிரில் படம் பிடித்து, கொலாஜனின் மூவிழைச் சுருளை 1954-இல் சொன்னவர், பிற்காலத்தில் நியாயத் தர்க்கத்துக்கும் சமணரின் ஸ்யாத்வாதத்துக்கும் கணித வடிவம் கொடுக்க உட்கார்ந்தார். தோல், கங்காரு, பௌதிகம், தர்க்கம் எல்லாம் ஒரே தலைக்குள். அவருக்கு யாரும் ‘இது விலங்கியல்’ என்று ஓரத்தில் எழுதியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துப் பெருமூச்சு விட்டிருக்கிறேன், என் அடிக்குறிப்பைக் கொலாஜனுக்குச் சமமாக வைத்து.

பழசை ரொம்பவும் மெச்சினால் பூஞ்சைக்குக் கோபம் வரும். அவருடைய ஆய்வேடு கப்பலில் ஏறி வெளிநாட்டுத் தேர்வாளரிடம் போய், அவர் ஊர் மாறி, பொதி திரும்பி, மறுபடியும் புறப்பட்டு, அதற்குள் பூஞ்சைக்குப் பார்த்திருந்த பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது. தட்டச்சில் ஒரு எழுத்து தப்பாக விழுந்தால் நாலு கார்பன் பிரதியிலும் பிளேடால் சுரண்டினோம். கிரேக்க எழுத்துக்கு இடம் விட்டு அடித்துப் பேனாவால் முடிவிலி நிரப்பினார். எங்கள் மேன்ஷன் ஞானசபையில் பெண் ஒருவர்கூட இல்லை, இருக்கவும் முடியாது. எங்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்த பெண்கள் விடுதிக் கதவு சாத்துவதற்குள் ஓட வேண்டியிருந்தது, அவர்கள் டீயையும் நாங்கள்தான் குடித்தோம். இன்று ஆய்வேடுகள் ‘ஷோத்கங்கா’ களஞ்சியத்தில் ஊருக்கே திறந்து கிடக்கின்றன. திருச்செங்கோட்டிலிருந்து ஒரு பெண் நள்ளிரவில் எதையும் படிக்கலாம். இதைவிட எங்கள் கிளாஸ் டீ உயர்ந்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் 2018 விதிமுறைப்படி பிறர் எழுத்தோடு ஒற்றுமை பத்து சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை என்கிறார்களே, அதை அளக்கிற மென்பொருள் ஒன்று, மேற்கோள் குறி விடுபட்ட ஒரு பக்கத்துக்காகத் தெரிந்த மாணவி ஒருத்தியைக் கபிலரிடம் திருடியவளாகப் பிடித்துக்கொடுத்தபோது, கபிலருக்கு இன்னும் காப்புரிமை இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

போன வருஷம் ஒரு கல்லூரியில் நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிவைத்து உலகமெல்லாம் பரவியிருக்கிற போட்டி, மூன்று நிமிடத்தில் தன் ஆய்வைப் பிற துறையார்க்குப் புரியும்படி சொல்ல வேண்டும், படம் ஒன்றே ஒன்று காட்டலாம். பரிசு, கோப்பை, புகைப்படம். டீ தருகிற செலவில் நாங்கள் நடத்தியதை இவர்கள் நிதி ஒதுக்கி நடத்துகிறார்களே என்று முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு பிள்ளைகள் பேசப் பேச வேடிக்கை போய்விட்டது. கோயில் குளத்துப் பாசி, கடன் செயலிகள், தெருக்கூத்து ஒப்பனை, மூட்டுக்குள் வைக்கிற உலோகம் என்று ஒவ்வொருவரும் வந்து, மூச்சு விடாமல் பேசி, மணி அடித்ததும் பாதி வாக்கியத்தில் மறைந்தார்கள். எறும்பு ஆராய்கிற பையன் ஒருவன், பழைய கூட்டை விட்டுப் புதிய கூட்டுக்கு எறும்புகள் எப்படி முடிவெடுத்து இடம் பெயர்கின்றன என்று சொல்லிக்கொண்டுவந்து, முடிவெடுக்கிற கட்டத்தில் மணியில் மாட்டினான். விதிப்படி அவனுக்கு மதிப்பெண் குறைத்தேன். கூட்டம் முடிந்ததும் கேன்டீனுக்கு இழுத்துப்போய் மீதியைச் சொல்லச் சொன்னேன். டீ ஆறி, ஆடை படிந்து, என்னை ரயிலடிக்கு அழைத்துப்போக வந்த வண்டிக்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். எறும்புகள் முடிவெடுத்துவிட்டன, அது ரொம்ப நேரம் பிடிக்கிற சமாசாரம்.

மறுநாள் கல்லூரியிலிருந்து மின்சான்றிதழ் வந்தது. பல்துறை உரையாடலுக்கு நான் ஆற்றிய பங்களிப்புக்காக என்று தங்க நிற எழுத்தில் போட்டிருந்தது. என் துறை என்ற இடத்தில் ‘விலங்கியல்’ என்று இருந்தது. திருத்தித் தரச் சொல்லி எழுதலாமா என்று யோசித்து, நண்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் உடனே பதில் போட்டார்: “கடைசியில பாஸ் பண்ணிட்டீங்க நெய்தல், டீ எப்போ?”