மீன் கோயில்ல சாமி கெடையாது, கண்ணு

வா கண்ணு, திண்ணையில உக்காரு. என்னமோ ஸ்வீடனுக்குப் போறயாமா? கோத்தன்பர்க்கா? சரியாப் போச்சு. அந்த ஊர்க்காரங்க வாயில கோவும் வராது, பர்க்கும் வராது. அவங்களுக்கு அது யோத்தெபோரி. நீ கோத்தன்பர்க்குன்னு சொன்னா மொகத்துக்கு நேரா சிரிக்கமாட்டாங்க, மரியாதப்பட்டவங்க. வீட்டுக்குப் போயிச் சிரிப்பாங்க.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறயா? உங்க மாமன் அங்க கார் கம்பெனியில இருந்தப்போ ஆனியில போயி ஆவணி வரைக்கும் குப்பை கொட்டுனவன் நானு. எங்க, அந்தப் போனக் காட்டு. அடேங்கப்பா! ரெண்டு நாளு, முப்பத்தெட்டு எடமா? கல்யாணப் பத்திரிகை வெக்கப் போறவன்கூட இத்தன வாசப்படி மிதிக்க மாட்டானே! அவனுக்காவது போற எடத்துல காப்பி கெடைக்கும்.

மொதல்ல என்ன எழுதியிருக்க? ராஜா சிலை. பாரு, வேண்டாங்கல. எந்த ராஜான்னு தெரியுமா? தெரியாது. படம் எடுத்தாப் போதும் உனக்கு. அவரு ரெண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப். 1621ல ஊருக்குப் பட்டயம் குடுத்தவரு. "இங்கதான் ஊரு"ன்னு தரையப் பாத்து வெரல நீட்டிட்டு நிக்கறாரு. அவரு காட்டுன எடம் பூராவும் சேறு. சேத்துல ஊரு கட்டத் தெரிஞ்சவன் ஆருன்னு ரோசன பண்ணி டச்சுக்காரங்களக் கூட்டியாந்தாங்க. அவங்க வந்து வாய்க்கால வெட்டி வுட்டாங்க. தெரியாத வேலையத் தெரிஞ்சவங்கிட்டக் குடுக்கறது எத்தன பெரிய புத்தி!

ஆனா எனக்குப் புடிச்சது சிலையோட கதைதான். மொதல்ல மியூனிக்ல வாத்த சிலை இது இல்ல. அது கப்பல்ல வரப்போ ஹெல்கோலாந்துத் தீவுக்கிட்டக் கப்பல் சேதமாயிப் போச்சு. சிலைய மீட்டவங்க பெரிய கூலியாக் கேட்டாங்க. ஊர்க்காரங்க கணக்குப் போட்டுப் பாத்தாங்க. அந்தக் காசுக்கு இன்னொரு ராஜாவையே வாத்துக்கலாமேன்னு வாத்து, 1854ல நிறுத்திப்போட்டாங்க. கடல்ல விழுந்த பழைய ராஜா பிரேமன் ஊருக்குப் போயிச் சேந்தாரு. ராஜாவுக்கே பேரம் பேசுன ஊரு கண்ணு அது. நீ சந்தையில கத்திரிக்காய்க்குக்கூடப் பேரம் பேச மாட்ட.

அடுத்தது என்ன? படகு. அதுல கட்டாயம் போகோணும். பாடன்னு பேரு. அப்படின்னா தேரை. தேரையாட்டவே தட்டையா இருக்கும். வாய்க்கால்ல போகப் போக பாலமா வரும். அதுல ஒண்ணுக்குப் பேரு "பாலாடைக்கட்டி சீவி". அங்க வீட்டுக்கு வீடு பாலாடைக்கட்டிய மெல்லிசாச் சீவ ஒரு கரண்டி வெச்சிருப்பாங்க. அந்தப் பாலத்துக்கடியில நிமிந்து உக்காந்தா உந்தலையும் அதுக்கு ஒரு கட்டிதான். படகுல சொன்னதும் அத்தன பேரும் பெஞ்ச வுட்டு எறங்கித் தரையில குந்தோணும். நான் போன அன்னிக்குக் கோட்டு சூட்டோட ஒருத்தன். சொல்லச் சொல்லக் கேக்காம வீடியோ எடுத்துட்டே இருந்தான். பாலம் மூக்குக்கிட்ட வந்தப்பறம் குந்துனான் பாரு, அந்த வேகத்துல கால்சட்டை தையல் டர்ருனு கேட்டுச்சு. மிச்ச வழி பூராவும் அவன் எந்திரிக்கவே இல்ல. அத்தன அடக்கம்.

அந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு கொணம் உண்டு. எதைப் பாத்தாலும் பட்டப்பேரு வெச்சிருவாங்க. ஆத்தோரமா 86 மீட்டர் ஒசரத்துல செவப்பும் வெள்ளையுமா ஒரு கட்டடம் நிக்குது. ஊரே அதை லிப்ஸ்டிக்குங்குது. நம்ம டீக்கடை பெஞ்சுல உக்கார வெச்சா ஒரு நாள்ல ஒட்டிக்குவாங்க.

மீன் கோயிலும் எழுதியிருக்கயே! ஃபெஸ்கெஷோர்கா. பேரு கோயில், பாத்தாலும் கோயில், கூரையெல்லாம் கூர் கூரா மாதா கோயிலேதான். ஆனா உள்ள பூசையும் இல்ல, பாதிரியாரும் இல்ல. 1874ல மீன் விக்கறதுக்குன்னே கட்டுனது. தூணே இல்லாம அத்தாம்பெரிய கூரைய நிறுத்தியிருக்காங்க, அதை அண்ணாந்து பாரு. மராமத்துக்காக வருசக் கணக்குல மூடியிருந்து 2024லதான் மறுபடியும் தொறந்தாங்க. நம்மூருப் பெரியவரு ஒருத்தரு வாசல்லயே செருப்பக் கழட்டி வெச்சுப்போட்டு, கையக் கூப்பிக்கிட்டே உள்ள போயி நண்டு முன்னால நின்னாராமா. ஆருன்னு சொல்ல மாட்டேன். உங்க மாமன் என்னையக் கைகாட்டுவான். நம்பாத.

இப்ப சொல்றதக் காதக் குடுத்துக் கேளு. இது உம் போன்ல இருக்காது. வாய்க்கால் கரையில பெரிய கட்டடம் ஒண்ணு, இப்ப அது நகர அருங்காட்சியகம். உள்ள ஒரு வைக்கிங் கப்பல் கெடக்குது, அதையும் பாரு. ஆனா அந்தக் கட்டடம் ஆரோடதுன்னு கேளு. ஸ்வீடன்காரங்களோட கிழக்கிந்தியக் கம்பெனிது. என்ன முழிக்கற? ஆமாங் கண்ணு, அவங்களும் ஒரு கம்பெனி வெச்சிருந்தாங்க. 1731ல பட்டயம் வாங்குனாங்க. ரெண்டே வருசம். 1733ல ராணி உல்ரிகா எலியோனோராங்கற கப்பல் எங்க வந்து நின்னுது தெரியுமா? பரங்கிப்பேட்டையில! கடலூருக்குத் தெக்கால இருக்குதே, அதே பரங்கிப்பேட்டை. யாவாரம் பண்ணலாம்னு கெடங்கு போட்டாங்க. மெட்ராஸ்ல இங்கிலீசுக்காரன், புதுச்சேரியில பிரெஞ்சுக்காரன். ரெண்டு பேரும் எலியும் பூனையும். ஆனா மூணாவதா ஒருத்தன் கடை போட்டா? எலியும் பூனையும் கூட்டாளி ஆயிருமல்லோ? ரெண்டு பேரும் சேந்து ஆளனுப்பி, கெடங்க அடிச்சுச் சரக்க அள்ளிப்போட்டாங்க.

அதனால அங்க போயி எதாச்சும் தெரியாம நீ முழிச்சீன்னா வெக்கப்படாத. இருநூத்தித் தொண்ணூறு வருசம் முன்னால நம்ம கரையில நின்னு முழிச்சவங்கதான் அவங்களும்.

அடி வாங்குனவங்க அப்பறம் சீனாப் பக்கம் போயி, கான்டன்ல தேயிலை வாங்கியாந்து நல்லாவே சம்பாதிச்சாங்க. அதுலயும் ஒரு கூத்து நடந்துது. 1745. யோத்தெபோரிங்கற பேருலயே ஒரு கப்பல். ரெண்டரை வருசம் கடல்ல சுத்திப்போட்டு ஊருக்குத் திரும்புது. கோட்டை கண்ணுக்குத் தெரியுது. கரையில சனம் நிக்குது. வழி காட்டற மாலுமியும் கப்பல்ல ஏறியாச்சு. அப்பப் போயி, எல்லாத்துக்கும் தெரிஞ்ச பாறையில மோதி முழுகிப்போச்சு! சீனா வரைக்கும் போயி வந்தவன் வீட்டு வாசப்படியில தடுக்கி விழுந்த கதை. நல்லவேளை, ஓர் உசுருக்கும் சேதமில்ல. சரக்குல மூணுல ஒரு பங்குதான் தேறுச்சு. அதை ஏலம் வுட்டதுலயே செலவெல்லாம் போக லாபமாமா! தேயிலை யாவாரத்துல அத்தன கொழுப்பு இருந்திருக்குது. முழுகுச்சா, முழுகடிச்சாங்களான்னு சந்தேகப்படறவங்களும் உண்டு. எனக்கென்ன தெரியும்? அதே அச்சுல புதுசா ஒரு கப்பல் கட்டி 2003ல தண்ணியில எறக்கி, 2005ல சீனாவுக்கே ஓட்டிட்டுப் போனாங்க. இந்தத் தடவ பத்தரமா வந்து சேந்துட்டாங்க.

அடுத்து ஹாகாங்கற பேட்டைக்குப் போவ. எல்லாரும் பன்னு திங்கப் போறாங்க, நீயும் போவ. தட்டத்தளவு ஒரு லவங்கப்பட்டை பன்னு. ஒத்தையாளு தின்னா மத்தியானச் சோறு வேண்டாம். அதை மொகத்துக்குப் பக்கத்துல வெச்சு நாப்பது படம் எடுத்துப்போட்டு, ஆறிப்போனதுக்கப்பறம் தின்னுப்போட்டு "அப்படியொண்ணும் இல்லையே"ம்ப. சூட்டுல தின்னா ருசி, சூடு போனா மாவு. அவங்க அதுக்கு ஃபீக்கான்னு பேரு வெச்சிருக்காங்க. ஒரு காப்பி, ஒரு பன்னு, எதுத்தாப்புல பேச ஒரு ஆளு. அந்த மூணாவது சாமானம் போனுக்குள்ள இருக்காது.

பன்னு தின்ன கையோட அங்கிருக்கற வீடுகள நிமிந்து பாரு. கீழ்மாடி கல்லோ செங்கல்லோ, மேல ரெண்டு மாடி மரம். எதுக்கு அப்படி? தீப்புடிக்குதுன்னு ரெண்டு மாடிக்கு மேல மரவீடு கட்டக்கூடாதுன்னு சட்டம். வேலைக்காரச் சனம் நெறைய, எடம் பத்தல. கீழ் மாடியக் கல்லுல கட்டுனா மரம் ரெண்டு மாடிதான ஆச்சு? சட்டமும் நின்னுது, சனத்துக்கு வீடும் ஆச்சு. கவர்னர் ஒத்துக்கிட்டதால அதுக்குப் பேரே கவர்னர் வீடு. நம்ம பஞ்சாயத்துல இந்த மூளை வேலை செஞ்சிருந்தா எத்தன வழக்குத் தீந்திருக்கும்! அங்கிருந்து படியேறுனா மேட்டுல ஸ்கான்சன் க்ரூனான்னு ஒரு கோட்டை, தலையில கிரீடத்தோட. எதிரிக்காகக் கட்டி எதிரியே வராத கோட்டை. ஏறிப்போயி ஊரப் பாத்துட்டு எறங்கு. காசு கேக்க மாட்டாங்க.

இனி சோத்துக்கு வருவோம். பொழுதோட ஏழு மணிக்கு அவென்யூன்னு பெரிய வீதியில மெழுகுவத்தி வெச்ச கடையாப் பாத்து உக்காரலாம்னு எழுதியிருக்க. உக்காரு. பில்லப் பாத்தா மெழுகுவத்தி தானா அணஞ்சிரும். மத்தியானம் என்ன பண்ணப் போற? பசியோட சுத்தப் போறயா? அட மசையா! அந்த ஊர்ல மத்தியானந்தான் சோறு. வேலைக்குப் போற சனத்துக்குன்னு வார நாள்ல "இன்னிக்குச் சாப்பாடு"ன்னு ஒண்ணு போடுவாங்க, பதினொண்ணு மணிக்கே ஆரம்பிச்சிருவாங்க. தட்டு ஒண்ணு, காய்கறி, ரொட்டி, வெண்ணெய், முடிக்க ஒரு காப்பி, எல்லாம் சேத்து ஒரே வெல. ராத்திரி அதே கடையில அதே மீனுக்கு வேற மூஞ்சி, வேற வெல. வியாழக்கெழமையானா மஞ்சப் பட்டாணிக் கஞ்சியும் கடுகுச் சாந்தும், பின்னால தோசையாட்டம் ஒரு இனிப்புப் பணியாரமும். கஞ்சிதானேன்னு மூக்கச் சுளிக்காத. குளுருக்குக் கஞ்சியாட்டம் ஒண்ணு உண்டா?

தண்ணி பாட்டல் வாங்காத. குழாயத் தொறந்து குடி. கைக்காசும் கொண்டு போகாத, பாதிக் கடையில வாங்கவே மாட்டாங்க. நான் ஒரு நூறு நோட்ட நீட்டுனேன். அந்தப் புள்ள என்னமோ நான் செப்பேட்ட நீட்டுனாப்புலப் பாத்துச்சு.

அவசரப் பசிக்குத் தெருவோரமா "ஹால்வ் ஸ்பெஷல்"னு கேளு. ரொட்டிக்குள்ள ஒரு சாசேஜ், மேல மசிச்ச உருளைக்கெழங்கு. பேரு பாதியாம், தின்னாத்தான் முழுசுன்னு தெரியும். கொஞ்சம் காசு இருந்தா இறால் ரொட்டி. ஒரு ரொட்டித் துண்டத் தேடிக் கண்டுபுடிக்கோணும், அத்தன இறால் அதுக்கு மேல. பாடுபடாம சொகுசா வந்தவன "இறால் ரொட்டி மேல வழுக்கிட்டு வந்தவன்"னு அவங்க சொல்லுவாங்க. என்னோட மருமகப்புள்ள ஞாபகம் எனக்கு வந்துது. நீ அவங்கிட்டச் சொல்லாத.

வாழப்பழமும் மசாலாப்பொடியும் போட்ட பீட்சாவும் உண்டு. அதுக்கு நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆசைப்பட்டாத் தின்னுக்க.

சாராயமா? கேக்க மாட்டேன்னு நெனச்சேன். அங்கயும் அரசாங்கந்தான் கடை நடத்துது, நம்மூராட்டவே. ஆனா சனிக்கெழமை மூணு மணிக்கெல்லாம் சாத்திப்போடுவாங்க, ஞாயித்துக்கெழமை தொறக்கவே மாட்டாங்க. இருபது வயசும் ஆகோணும். அந்தப் பேச்ச இத்தோட வுடு.

ரெண்டாம் நாளு இந்தப் பட்டியலக் கிழிச்சுப்போட்டு டிராம் ஏறி சால்ட்ஹோல்மன் போ. அங்க படகு நிக்கும். டிராமுக்கு எடுத்த டிக்கட்டே படகுக்கும் ஆகும். ஸ்டீர்சோ, ப்ரென்னோ, கடைக்கோடியில வ்ராங்கோ, எதுல வேணுமோ எறங்கிக்க. அந்தத் தீவுகள்ல காரே கெடையாது. காரு செய்யற ஊருக்காரங்க காரு இல்லாத எடம் தேடிப் போறாங்க பாரு! நானும் வ்ராங்கோவுல ஒரு பாறை மேல உக்காந்து கடலப் பாத்தேன். பக்கத்துல ஒரு கெழவரு. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவரு பாஷை தெரியாது. ஒரு மணி நேரம் பேசாம உக்காந்திருந்தோம். எந்திரிக்கறப்போ தலைய ஆட்டுனாரு, நானும் ஆட்டுனேன். உங்க அம்மாயியோட அறுபது வருசத்துல அப்படியொரு பொழுது எனக்கு வாச்சதில்ல.

ஆனியில போறீன்னா ஒண்ணு நெனப்புல வெச்சுக்க. ராத்திரி பத்து மணிக்கு மேலயும் வெளிச்சம். எனக்குப் பொழுதோட எது, ராத்திரி எதுன்னே தெரியல. நாலு நாள் ராத்திரிச் சோறே திங்க மறந்துட்டேன். மார்கழியில போனா மூணரைக்கெல்லாம் வெளக்கு வெக்கோணும். மழை எப்ப வேணாலும் வரும், காத்தோட வரும். கொடை கொண்டு போனா அது உன்னையக் கூட்டிட்டுப் போயிரும். நல்ல மழைச் சட்டை ஒண்ணு வாங்கிக்க, மினுக்கற கோட்டு வேண்டாம்.

அப்பறம், ஊருக்கு வரப்போ அந்தப் பாலாடைக்கட்டி சீவற கரண்டி ஒண்ணு வாங்கியா. போன தடவ நான் கொண்டாந்ததுல உங்க அம்மாயி கிளிமூக்கு மாங்காய் சீவிட்டு இருந்தா. எதுத்த வீட்டுக்காரி ஒரு நாளைக்குன்னு வாங்கிட்டுப் போனா, மூணு வருசம் ஆச்சு. ரெண்டா வாங்கியாந்துரு.