மச்சம் வெட்டலும் தட்டிப் பார்த்தலும்: புரொகிரசிவ் ராக் ஆல்பம் வாங்குவது குறித்துக் கம்மாபுரத்திலிருந்து ஓர் ஆய்வு

விருத்தாசலத்துக்குக் கிழக்கே, நெய்வேலிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கம்மாபுரத்தில் புரொகிரசிவ் ராக் ஆல்பம் விற்கும் கடை ஒன்றுகூட இல்லை. இந்த ஆய்வுக்கு இதைவிடத் தோதான களம் அமையாது. லண்டனில் கடைக்குள் நிற்பவன் முதலில் வாங்கிவிட்டுப் பிறகு யோசிக்கிறான். கம்மாபுரம் கடைத்தெருவில் நிற்பவனுக்கு யோசிப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. கையில் சரக்கு இல்லாத இடத்தில்தான் கோட்பாடு நன்றாக விளையும்.

முதலில் வரையறை. ஒரு பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துபோவதை அவமானமாகக் கருதிய ஆங்கிலேய இளைஞர்கள் சிலர் 1960களின் கடைசியில் தொடங்கிவைத்த இசைவகை இது. கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் 1969இல் வந்தது. யெஸ், ஜெனிசிஸ், ஜெத்ரோ டல், எமர்சன் லேக் அண்ட் பாமர், பிங்க் ஃபிளாய்ட் என்று வரிசை நீண்டது. ஒரு பாட்டுக்குள் ஏழு உட்பிரிவு இருக்கும். ஒன்றில் புல்லாங்குழல், ஒன்றில் சர்ச் ஆர்கன், ஒன்றில் உலகம் அழியும். அட்டையில் பாறைகள் அந்தரத்தில் மிதக்கும்.

இவற்றில் எதை வாங்குவது, எதை விடுவது? மேலைநாட்டு அறிஞர்கள் இதற்கு நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். நமக்கு அதைவிட மூத்த முன்னோடி ஆய்வு உள்ளூரிலேயே கிடக்கிறது. சுந்தரருக்குத் திருமுதுகுன்றத்தில், அதாவது இன்றைய விருத்தாசலத்தில், இறைவன் 12,000 பொன் கொடுத்தார். அதைச் சுமந்துகொண்டு திருவாரூர் போவது ஆகாத காரியம். ஆகவே இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு அங்கே கோயில் குளத்தில் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. சுந்தரர் கவிஞர் மட்டுமல்லர், விவரமான ஆள். போடுவதற்கு முன் பொன்னில் ஒரு துண்டை மச்சமாக, அதாவது மாதிரியாக, வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைகிறது! பிறகு அவர் மறுபடி பாடி, சரக்கு சரியானது என்பதைப் பெரியபுராணத்தில் காணலாம்.

இதுவரை எந்த இசை விமர்சகரும் கவனிக்காத செய்தி இதில் இருக்கிறது. சரக்கு அனுப்பியவர் சாட்சாத் சிவபெருமான். அவர் அனுப்பியதிலேயே மாதிரியும் மொத்தமும் முதல் தடவை ஒத்துப்போகவில்லை. ஒரு லண்டன் ரெக்கார்டு கம்பெனி எம்மாத்திரம்? வானொலியில் கேட்ட ஒரு பாட்டை நம்பி முழு ஆல்பத்துக்கும் பணம் கட்டியவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

மச்சம் வெட்டும் முறை நம் பக்கத்தில் சுந்தரரோடு நின்றுவிடவில்லை. 1980களிலும் 90களிலும் ஊருக்கு ஊர் இருந்த ரெக்கார்டிங் சென்டர்கள் இந்தத் தொழிலைத்தான் செய்தன. ஒரு படத்தில் ஐந்து பாட்டு, அதில் தேறுவது இரண்டு. அந்த இரண்டையும் வெட்டி, இதே போல ஆறு படத்திலிருந்து பன்னிரண்டு பாட்டுச் சேர்த்து, தாளில் வரிசை எழுதி, வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் மறுநாள் மாலை தயார். ஏ சைடு காதல், பி சைடு சோகம். இப்படி வளர்ந்த காதுக்கு, வெட்டவே முடியாத ஆல்பம் என்று ஒன்று எதிரே வந்தால் என்ன ஆகும்? ஜெத்ரோ டல் குழுவின் 'திக் ஆஸ் எ பிரிக்' 1972இல் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒருவர் சென்டருக்குப் போயிருந்தால் உரையாடல் இப்படித்தான் அமைந்திருக்கும்:

"எத்தன பாட்டு தம்பி?"

"ஒரே பாட்டுதாண்ணே."

"ஒரு பாட்டுக்கா கேசட்டு தூக்கியாந்த?"

"நாப்பத்து மூணு நிமிஷம்ணே."

"எம்மாம் பெரிய பாட்டு! நடுவுல கேசட்ட திருப்பணுமேப்பா?"

"அவங்களே நடுவுல நிறுத்திதாண்ணே வச்சிருக்காங்க."

"மிச்ச எடத்துல என்னா போட?"

கடைசிக் கேள்விதான் ஆராயத்தக்கது. 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். இந்த ஆல்பத்தின் முதல் பாதி அங்கே போய் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட ஏழரை நிமிடம் காலியாகக் கிடக்கும். (ஏழரை என்பதைத் தற்செயல் என்றே கொள்க.) அந்த இடத்தில் எஸ்.பி.பி. பாட்டு ஒன்றும், இரண்டாவது சரணத்தில் அறுபடும் இன்னொன்றும் ஏறும். உலகின் வேறெந்தப் பதிப்பிலும் இல்லாத இந்த இணைப்பு ஆல்பத்தின் தரத்தை உயர்த்துமே தவிரக் குறைக்காது. குழுவின் தலைவர் இயன் ஆண்டர்சனே இதை ஒரு கேலியாகத்தான் செய்தார். முந்தைய ஆல்பத்தை எல்லாரும் ஒரே கருப்பொருள் கொண்ட படைப்பு என்று சொல்லப்போய், அப்படியா சேதி என்று ஒரே பாட்டில் முழு ஆல்பம் போட்டு, அட்டையைப் பொய்ச் செய்தித்தாளாகவே அச்சடித்துக் கொடுத்தார். போலி ஆய்வாளர்கள் முதல் வணக்கத்தை அவருக்குச் செலுத்தக் கடமைப்பட்டவர்கள்.

கேசட் வழியாகப் பிறப்பது கொள்கலன் அளவுகோல். ஜெனிசிஸின் 1974 இரட்டை ஆல்பம் 'தி லேம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' 94 நிமிடம் ஓடும். 90 நிமிடக் கேசட்டில் நான்கு நிமிடம் துண்டு விழும். கதையின் முடிவு கேட்காமலே கேசட் முடிந்துவிடும். (முழுதாகக் கேட்டவர்களுக்கும் முடிவு விளங்கியதாகத் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.) ஆயினும் இந்த அளவுகோலை நாம் கைவிட வேண்டியிருக்கிறது. படைப்பின் தரத்தை டப்பாவின் நீளம் தீர்மானிக்கும் என்றால் மெகா சீரியலுக்குக் கோயில் கட்ட வேண்டிவரும்.

நீளத்தையும் பிரம்மாண்டத்தையும் கண்டு மலைப்பவர்கள் வேறு ஊர்க்காரர்கள். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலில் ஐந்து கோபுரம், ஐந்து பிரகாரம், ஐந்து கொடிமரம், ஐந்து தேர். அந்தக் கோபுர நிழலில் தேர் இழுத்த ஆள், யெஸ் குழு 1973இல் நான்கே துண்டுகளில் 81 நிமிடம் வாசித்த 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' ஆல்பத்தைப் பார்த்து, ஒன்று குறைகிறதே என்றுதான் கேட்பார். இந்த ஆல்பத்தின் நீளம் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக நம்பகமான விமர்சனம் அந்தக் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன் செய்தது. மான்செஸ்டர் மேடையில் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே, தனக்கு வாசிக்க வேலை இல்லாத நேரத்தில், கோழிக் கறி வரவழைத்துச் சாப்பிட்டார். அவரே சொல்லிவரும் கதை இது. 1974இல் குழுவை விட்டும் போய்விட்டார். வாசித்தவருக்கே நடுவில் பசி எடுத்த ஆல்பத்தைக் கேட்பவர் காசு கொடுத்து வாங்கலாமா என்பதை இலைக்கு முன் உட்கார்ந்து முடிவு செய்க.

அடுத்தது தாளம். ஒற்றைப்படைத் தாளத்தில் வாசித்தார்கள் என்பதற்காக ஓர் ஆல்பத்தை மேதைமை என்று புகழும் வழக்கம் மேற்கில் உண்டு. பிங்க் ஃபிளாய்ட் 1973இல் 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் பணத்தைப் பற்றிய பாட்டை ஏழு எண்ணிக்கையில் அமைத்தது பெரும் பேச்சாயிற்று. நம் கோயில் தவில்காரர் அதை மிஸ்ர சாப்பு என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடிப்பார். கிட்டார் தனிக்கு வந்ததும் அந்தப் பாட்டு நாலுக்கு இறங்கிவிடுவதை அவர் மன்னிப்பது கடினம். ஜெனிசிஸ் ஒரு நீண்ட பாட்டின் உச்சக்கட்டத்துக்கு 'ஒன்பதுக்கு எட்டில் ஊழிக்காலம்' என்கிற பொருளில் பேரே வைத்திருக்கிறது. விருத்தாசலமோ அருணகிரிநாதர் பாடிய ஊர். ஐந்தரை, ஏழரை என்று அரையும் காலுமாக எண்ண வேண்டிய சந்தங்களைத் திருப்புகழ் சபையில் பாட்டிமார்கள் கையில் போட்டுக்கொண்டு பாடுகிறார்கள். ஊழிக்காலம் ஒன்பதில் வந்தாலும் அவர்கள் எடுப்புத் தவறாமல் எதிர்கொள்வார்கள். எனவே கம்மாபுரத்துக் கொள்முதலில் தாளத்துக்கு மதிப்பெண் பூஜ்யம்.

பிழைகளைக் கண்டுபிடிக்க நாம் புதிய கருவி எதுவும் செய்யத் தேவையில்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு நூலுக்குரிய பத்துக் குற்றங்களை வகுத்தபோது புரொகிரசிவ் ராக்கைத்தான் மனத்தில் வைத்திருந்தார் என்று ஐயுற இடமுண்டு. மற்றொன்று விரித்தல் என்றால் என்ன? பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது டிரம்ஸ்காரர் மட்டும் எட்டு நிமிடம் தனியாக வாசிப்பது. கூறியது கூறல், முதல் பக்கத்து மெட்டை நான்காம் பக்கத்தில் கூட்டுக்குரலோடு திரும்பக் கொண்டுவருவது. சென்று தேய்ந்திறுதல், முடிக்கத் தெரியாமல் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவது. எமர்சன் லேக் அண்ட் பாமர் குழுவுக்கு மிகைபடக் கூறல் என்ற ஒன்றே போதும். ஆனால் இந்தக் குற்றங்கள் ஒன்றுமே இல்லாத ஆல்பத்தை எடுத்துப் பார்த்தால் அது புரொகிரசிவ் ராக்காக இருப்பதில்லை. நன்னூல் இங்கே பயன்படுகிறது, ஆனால் சரக்கு மிஞ்சுவதில்லை.

மச்சம் பொய்க்கிறது, டப்பா பொய்க்கிறது, தாளம் செல்லாது, இலக்கணம் எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறது. மீதி இருப்பது வட்டாரத் தொழில்முறை. விருத்தாசலம் பீங்கான் ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும், அந்தத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கும் அரசு நிறுவனமும் உள்ள ஊர். அகல், பொம்மை, ஜாடி, ஃபியூஸ் கேரியர் என்று சூளையிலிருந்து இறங்கும் ஊர். இங்கே ஜாடி வாங்குபவர் ஒரு துண்டை உடைத்துப் பார்த்து வாங்குவதில்லை. முழு ஜாடியை இடக்கையில் தூக்கி, வலக்கை விரலால் வயிற்றில் ஒரு தட்டு. கணீர் என்றால் காசு. ஊமைச் சத்தம் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கேயோ ஓடியிருக்கிறது, வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். விரிசல் எந்த இடத்தில் என்று தேடவும் வேண்டாம்.

ஆல்பத்தையும் அப்படித்தான் தட்ட வேண்டும். எங்கே தட்டுவது என்பதில்தான் சூட்சுமம். தொடக்கத்தில் தட்டக்கூடாது, எல்லா ஆல்பமும் தொடக்கத்தில் கணீரென்றுதான் ஒலிக்கும். மிக நீண்ட பாட்டின் நடு வயிற்றில், பாடகர் களைத்து, கிட்டார்காரர் அடுத்தது என்ன என்று யோசிக்கும் இடத்தில் இரண்டு நிமிடம் கேட்க வேண்டும். அந்த இரண்டு நிமிடம், முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கப்போகிறது என்று கேட்க வைத்தால் ஜாடி முழுசு. யெஸ் குழுவின் 1972 ஆல்பம் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' இந்தச் சோதனையில் தேறுகிறது. மூன்றே பாட்டு, முதல் பாட்டு 18 நிமிடத்துக்கு மேல், நடுவில் ஆர்கன் எழும் இடம் கணீர். அடுத்த ஆண்டு அதே குழு சுட்ட 81 நிமிட ஜாடிதான் மேலே கோழிக் கறியோடு பார்த்தது.

மண் என்று வந்தபிறகு கடத்தை விட முடியாது. ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் ஹுசேன், விக்கு விநாயக்ராம் இருந்த சக்தி குழுவின் முதல் ஆல்பம் 1975 கச்சேரிப் பதிவு, 1976இல் வெளியானது. இதை ராக் என்று சொன்னால் இரண்டு பக்கத்து அறிஞர்களும் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். மூன்றே உருப்படி, கடைசி ஒன்று ஏறத்தாழ 29 நிமிடம். 60 கேசட்டின் ஒரு பக்கத்தில் ஒரு நிமிடம் மிச்சம் வைத்து அமரும் அந்த அடக்கத்தைப் பாருங்கள். இதில் தட்டிப் பார்க்க நமக்கு வேலையில்லை, விநாயக்ராமே பானையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986இல் வந்தது. பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக்கியது, வி.எஸ். நரசிம்மனின் வயலின், பத்து உருப்படி. அதில் ஒன்றின் தலைப்பு 'ஒப்பிடாதே' என்று பொருள்படுவதால் ஒப்பீட்டு ஆய்வாளர்கள் அந்த இடத்தில் காதைப் பொத்திக்கொள்ள நேர்கிறது. நம் கோட்பாட்டுக்கு இந்த ஆல்பம் ஒரு தலைவலியும்கூட. பாலு மகேந்திரா 1988இல் 'வீடு' படத்துக்கு இதிலிருந்து துண்டு துண்டாக எடுத்துப் பின்னணியாக வைத்தார். துண்டும் கணீரென்று ஒலித்தது. படம் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தேடிக் கேசட் கடைக்குப் போனவர்கள் உண்டு. மச்சமும் மொத்தமும் ஒத்துப்போன அபூர்வ வழக்கு இது, மறுபடி பாட வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. 2005இல் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு வந்த அவருடைய 'திருவாசகம்' ஆறே பாட்டு, ஒன்று மட்டும் 20 நிமிடம். நீளத்தில் ஆங்கிலேயர்களுக்குச் சளைத்ததல்ல, மாணிக்கவாசகர் மேல் மிகைபடக் கூறல் என்று யாரும் வழக்குப் போடவும் முடியாது. கர்நாடக இசையையும் புரொகிரசிவ் ராக்கையும் சேர்த்து வாசிக்கும் பெங்களூரு 'அகம்' குழுவின் 2012 ஆல்பத்தை இளையவர்கள் இந்த வரிசையில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாம், நடுவில் தட்டிவிட்டு.

முடிவாக, கம்மாபுரத்தார் கொள்முதல் வரிசை: முதலில் 'ஹவ் டு நேம் இட்'. இரண்டாவது சக்தியின் முதல் ஆல்பம். மூன்றாவது 'க்ளோஸ் டு தி எட்ஜ்'. நான்காவது 'திக் ஆஸ் எ பிரிக்', எஸ்.பி.பி. இணைப்போடு கிடைத்தால் விலை கூடக் கொடுக்கலாம். 'டேல்ஸ்' யாராவது சும்மா கொடுத்தால் மட்டும், அதுவும் சாப்பாட்டு நேரத்தில்.