ஆடிட் வாரத்து மேனேஜர்

அம்பத்தூர், ஓசூர், கோவை என்று எந்தத் தொழிற்பேட்டைக்குப் போனாலும் மெயின்டெனன்ஸ் மேனேஜர் ஒரே அச்சுதான். வருஷம் முழுக்க அவருக்கு நின்ற மெஷினை ஓட்டுகிற வேலை. ஆடிட் வாரத்தில் மட்டும் அதைவிடக் கஷ்டமான வேலை: எல்லா மெஷினும் முறைப்படிதான் பராமரிக்கப்பட்டது என்று காகிதத்தை நம்பவைப்பது.

தேதி முடிவானதும் பெயின்ட் டப்பா திறக்கும். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் எண்ணெய் ஒழுகுகிறது. சீல் வந்துசேர ஒரு மாதமாகும். பச்சை பெயின்டோ எதிர்க்கடையிலேயே கிடைக்கும். ஆகவே பிரஸ்ஸுக்குப் பச்சை, தரைக்கு மஞ்சள் கோடு, ஒழுகும் இடத்துக்குக் கீழே புதுத் தட்டு.

பெயின்ட் காய்வதற்குள் பேனா வேலை தொடங்கிவிடும். பிரிவென்டிவ் மெயின்டெனன்ஸ் செக்லிஸ்ட் என்பது மாதாமாதம் நிரப்பவேண்டியது. நம்மவர் ஒரே ராத்திரியில் பன்னிரண்டு மாதத்தையும் முடிப்பார். ஒரே மையில் எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று தெரியும். நாலு பேனா, மூன்று பேர் கையெழுத்து, போதாததற்கு எலக்ட்ரீஷியனிடம் ஓர் உத்தரவு: “ரொம்ப வெள்ளையா இருக்குய்யா. கிரீஸ் கையோட ரெண்டு பக்கம் புரட்டு.”

வருகிறவர் பெயின்ட்டைத் திரும்பியும் பார்க்கமாட்டார். கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி என்றால் ஐ.ஏ.டி.எஃப். 16949 தர விதிகள் கையில் இருக்கும். ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் சராசரி எத்தனை மணி நேரம், சரிசெய்யச் சராசரி எவ்வளவு நேரம் என்று கேட்பார். நம்மவர் அழகான கிராஃப் ஒன்றை நீட்டுவார். அதை ஓரமாக வைத்துவிட்டு, செக்லிஸ்ட்டின் பக்கத்தில் காலண்டரை விரிப்பார் ஆடிட்டர்.

“பொங்கலன்னிக்கு கம்ப்ரஸர் சர்வீஸ் பண்ணியிருக்கீங்களே?”

“மெஷின் நிக்கிற நாள்லதானே சார் எங்களால கை வைக்க முடியும்?”

சொன்னது சத்தியம். புரொடக்‌ஷன்காரர்கள் மற்ற நாளில் மெஷினை விட்டுத் தரவே மாட்டார்கள். ஆடிட்டரும் தலையாட்டுவார். தலையாட்டிக்கொண்டே அன்றைய கேட் ரெஜிஸ்டரைக் கேட்பார். அப்புறம் ஸ்டோர்ஸ் லெட்ஜரை.

“மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஃபில்டர் மாத்தினதா டிக் இருக்கு. அப்போ வருஷத்துக்கு நாலு. ஸ்டோர்ஸ்ல ஒண்ணுகூட வெளிய போகலையே சார்?”

நம்மவருக்கு அவசரமாக ஒரு போன் வரும்.

அடுத்தது சொத்துப் பதிவேடு. கம்பெனியின் ஒவ்வொரு மெஷினையும் வாங்கியதிலிருந்து கழித்துக்கட்டுவது வரை நிர்வகிப்பதற்கென்றே 2014-இல் ஐ.எஸ்.ஓ. 55001 என்று ஒரு தரம் வந்தது. நம்மவர் பதிவேட்டில் அதற்கு முன்பே எடைக்குப் போன லேத் இன்னும் இருக்கிறது. கணக்குப் பிரிவு அதற்கு வருஷந்தவறாமல் தேய்மானம் போடுகிறது. ஷெட்டின் மூலையில் ராப்பகலாகத் தண்ணீர் இறைக்கும் பம்புக்கோ நம்பரே கிடையாது. எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார்கள், தெரியாது. ஆயுத பூஜைக்குப் பொட்டு மட்டும் தவறாமல் விழும்.

கடைசியாக ஆடிட்டர் ஷாப் ஃப்ளோரில் மூத்த ஃபிட்டரைப் பிடிப்பார். அவர் ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டாரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டிருப்பார்.

“என்ன பண்றீங்கண்ணே?”

“பேரிங் பேசுது சார். பத்து நாள் தாங்கும். ஃபில்டர் அடைச்சுச் சூடு ஏறுற கம்ப்ரஸர்தான் முதல்ல போகும். எட்டு மாசமா ஃபில்டர் கேக்கறேன்.”

தொழிற்சாலையின் உண்மையான ஆவணம் அந்தக் காதுதான். ஆனால் காதுக்கு டாக்குமென்ட் நம்பர் இல்லை. ஆடிட்டர் ஸ்க்ரூடிரைவரைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். அதில் காலிபரேஷன் ஸ்டிக்கரைத் தேடுகிறாரோ என்று நம்மவருக்கு வியர்க்கும்.

மாலையில் முடிவுக் கூட்டம். ஃபில்டருக்கு ஒரு என்.சி. (நான்-கன்ஃபார்மிட்டி). குறை கண்டால் மூல காரணம் எழுதியாகவேண்டும். டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ புகழ்பெறச் செய்த ‘ஐந்து ஏன்’ முறை. நம்மவர் நேர்மையாகவே ஆரம்பிப்பார். ஏன் மாற்றவில்லை? ஸ்டோர்ஸில் இல்லை. ஏன் இல்லை? பர்ச்சேஸ் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை? ஒப்புதல் வரவில்லை. ஏன் வரவில்லை? “ஓடுதுல்ல, அடுத்த பட்ஜெட்ல பாக்கலாம்” என்று ஜி.எம். சொன்னார். ஐந்தாவது ‘ஏன்’ ஜி.எம். அறைக்குள் போகவேண்டும். அறிக்கையில் கையெழுத்துப் போடவேண்டியவரும் அதே ஜி.எம்.

நம்மவர் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார். மூல காரணம்: ஊழியரிடையே போதிய விழிப்புணர்வு இல்லை. நடவடிக்கை: பயிற்சி அளிக்கப்பட்டது. ஆதாரமாக ‘ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுவதன் அவசியம்’ என்று அரைமணி நேர வகுப்பு நடக்கும், டீ, சமோசாவுடன். வருகைத்தாளில் முதல் கையெழுத்து அந்த மூத்த ஃபிட்டருடையது. என்.சி. மூடப்பட்டது. ஃபில்டர் அடுத்த பட்ஜெட்டில்.