அரைப்பேர் லினக்ஸ்

என்னடா பேராண்டி, விடிஞ்சதுலருந்து இஸ்தோப்புல குந்திக்கிட்டு அந்தப் பொட்டிய மொறைக்கிற? டிக்கோயா மழையில அதுவும் வெறைச்சுப் போச்சா? எனக்கு என்னா தெரியும், நான் முப்பது வருசம் பெரட்டுல பேரு கூப்புட்ட கணக்கப்பிள்ளை.

என்னான்னு கத்துது? ஓபன்எஸ்எஸ்எல் இருக்கு, ஹெடர் இல்லையாமா? அட மக்குப் பயலே! ஆளு மலையில நிக்கிறான், செக்ரோலு உன் கையில இல்ல. பேரு தெரியாம யார வேலைக்குக் கூப்புடுவ? உன் பொட்டியில ஓடுற லினக்ஸச் செஞ்ச டெபியன்காரன் அந்தச் செக்ரோல தனிப் பொதியா கட்டி வச்சிருக்கான். பேருக்குப் பின்னால ‘டெவ்’னு வாலு இருக்கும், அத எடுத்துப் போடு. கம்பைலரு, மேக்குன்னு எல்லாத்துக்கும் ‘பில்ட்-எசென்ஷியல்’னு ஒரே கும்பலு இருக்குறப்ப நீ என்னடான்னா ஒவ்வொரு கொழுந்தாக் கிள்ளிக்கிட்டு இருக்க.

பொதியப் போடுற டிபிகேஜி இருக்கே, அது பழைய துரை மாதிரி. எவன் வரலன்னு சத்தம் போடும், கூட்டிக்கிட்டு வராது. 1999ல டெபியன் 2.1ஓட வந்த ஏப்டிதான் பெரிய கங்காணி. ஒருத்தனக் கேட்டா அவன் மச்சான், மச்சானுக்கு மச்சான் வரைக்கும் எறக்கிருவான். பொதிய விரிக்கிறப்ப பாதியில கரண்டு போச்சுன்னா டிபிகேஜி ‘ஹாஃப்-இன்ஸ்டால்டு’னு எழுதி வைக்கும். கொழுந்து கிலோ கொறைஞ்சா அரைநாள் சம்பளம்னு நாங்க போட்ட அரைப்பேருதான்டா அது! எங்களத் திட்டுனவனுங்க இப்ப கம்பியூட்டர்லயே அதப் போட்டுட்டானுங்க.

ஊரானைத் திட்டுறது இருக்கட்டும். நீ செஞ்ச சாமானுக்குக் குறிப்பு எழுதியிருக்கியே, என்னா எழுதுன? ‘தேவையானவற்றை நிறுவிக்கொள்ளவும்.’ ஆகா! எது தேவைன்னு அட்டன்ல இருக்குற பய கனவு காணணுமா? டெபியன் பொதியில ‘பில்ட்-டிபெண்ட்ஸ்’னு ஒரு வரி இருக்கு. அதுல அத்தனை பேரையும் ஒழுங்கா எழுதுனா, சோர்ஸ் வரியத் தெறந்து வச்சிருக்கவன் ‘ஏப்டி பில்ட்-டெப்’னு ஒரு தடவ சொன்னாப் போதும், மொத்தப் பெரட்டும் வந்து நிக்கும். அதுக்கு உன் சாமான நீ டெபியன் பொதியா கட்டியிருக்கணும். அது இந்த ஜென்மத்துல நடக்காது, சரி, குறிப்புலயாவது எழுது.

நெட்டு கெடைக்காத பிள்ளைகளுக்கு என்னா செய்யிறதுன்னு முழிக்காத. ஹந்தானை மலை பேருல ஃபெடோராவ வச்சு நம்ம நாட்டுலயே ஒரு லினக்ஸ் செஞ்சானுங்க. வேண்டிய சாமான எல்லாம் டிவிடிக்குள்ளயே அடைச்சுக் குடுத்தானுங்க. மலை பேரு வச்சவனுக்கு மலையில சிக்னலு இல்லன்னு தெரிஞ்சிருக்கு. மலையிலயே பொறந்த உனக்குத் தெரியல.

சரி, எந்திரிச்சுப் போயி ஒரு பிளேன்டீ ஊத்திக்கிட்டு வா. போன தடவ மாதிரி தண்ணி கொதிச்சப்பறம் சீனிக்குக் கடைக்கு ஓடாத.