புரோப்ரைட்டர் அம்மா

தொழிலில் தோற்றதற்காக என் தங்கச்சி மகனுக்கு ஒரு கல்லூரியில் சால்வை போட்டார்கள். தாய்மாமன் என்ற தகுதியில் முன்வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் தோல்வியைப் புகழ்ந்து கொட்டை எழுத்தில் ஒரு வாசகம். சிவகாசியை ஒட்டிய எங்கள் விஸ்வநத்தத்தில் அடித்த பேனர் என்பதால் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. மாப்பிள்ளை ஒரு மணி நேரம் பேசினான். கையில் இருந்த காசு எத்தனை மாதம் தாங்கியது, கூடத் தொடங்கிய சிநேகிதன் எப்படிப் பாதியில் கழன்றுகொண்டான், ராத்திரி மூன்று மணிக்கு விழித்து உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். பிள்ளைகள் கைதட்டினார்கள். இறங்கி வந்ததும் வரிசையில் நின்று அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் காலத்தில் நொடித்துப்போனவர் மஞ்சள் கடுதாசி கொடுப்பார். கொடுத்த மறுநாளிலிருந்து டீக்கடை பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே இருக்கும். பேரன் கல்யாணப் பேச்சில்கூட, "அன்னைக்குக் கடுதாசி குடுத்தாகளே, அவுக வகையறாவா?" என்று யாராவது ஒருவர் அக்கறையாக விசாரிப்பார். அவர்களையும் பேசக் கூப்பிடுகிற வழக்கம் அப்போதே இருந்திருந்தால், சிவகாசிக் கல்லூரிகளுக்குப் பேச்சாளர் பஞ்சமே வந்திராது.

ஜெயித்தவர்கள் பெயரில்தான் இங்கே கல்லூரிகள் இருக்கின்றன. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்த கதை இந்த வட்டாரத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். மழை பொய்க்கிற கரிசல் பூமி. விவசாயத்தை நம்பினால் வயிறு காயும்; தீப்பெட்டியை நம்பினால் அதே வெயிலில் குச்சி காயும். இறக்குமதித் தீப்பெட்டிக்கு அந்த வருஷம்தான் சர்க்கார் குரோசுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டிருந்தது. இருவரும் திரும்பி வந்து, ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்து, அது கட்டுப்படியாகாமல் கைவேலைக்கு மாறினார்கள். பிறகு தனித்தனியே தொழில் நடத்தினார்கள். மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னால், "இது பிவட் மாமா, அது கோஃபவுண்டர் எக்சிட்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்கிறான். வைக்கட்டும்.

அடுத்த வருஷம், 1923இல், ஸ்வீடன் தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றும் இந்தியாவில் விம்கோ என்ற கம்பெனியைத் தொடங்கியது. அதன் முதலாளி ஈவார் க்ரூகரை உலகமே தீக்குச்சி ராஜா என்றது. நாடுகளுக்கே கடன் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அங்கே தீப்பெட்டி விற்கும் ஏகபோக உரிமையை வாங்கிக்கொண்ட மனிதர். 1932 மார்ச்சில் பாரிஸில் துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொண்டார். பிறகு பெட்டகத்தைத் திறந்தால் கள்ளத்தனமாக அச்சிட்ட இத்தாலியக் கடன் பத்திரங்கள் இருந்தன. அச்சுத்தொழில் ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு அந்த இடத்தில் மட்டும் ஒரு தனி ஆர்வம் உண்டு.

அப்பா ஜெயித்தவர்கள் பட்டியலிலும் இல்லை, கடுதாசி கொடுத்தவர்கள் பட்டியலிலும் இல்லை. அறுபதுகளின் நடுவில் விஸ்வநத்தத்தில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு தீப்பெட்டி ஆபீஸ் தொடங்கினார். இங்கே பட்டறைக்கும் ஆபீஸ் என்றுதான் பெயர்; மேஜை நாற்காலியைத் தேடாதீர்கள். முதலீட்டுக்கு எங்கே போனார்? எங்கள் ஊர்களில் உறவின்முறை உண்டு, சரக்குக்கு இவ்வளவு என்று மகிமை பிரித்துப் பொதுக்காரியம் பார்த்த பழக்கம் உண்டு. 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கிதான் 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. இத்தனை இருந்தும் முதல் ரூபாய் வந்தது அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலியிலிருந்து. அடகுக்கடையில் யாரும் அப்பாவிடம் உங்கள் ஐந்தாண்டுத் திட்டம் என்ன என்று கேட்கவில்லை. சங்கிலியை உரைத்துப் பார்த்தார்கள், எடை போட்டார்கள், காசு கொடுத்தார்கள்.

மாப்பிள்ளை முதலீட்டாளர்களுக்குப் படம் போட்டுக் காட்டுகிறான். பன்னிரண்டு பக்கத்தில் சந்தை, வளர்ச்சி, மேலே ஏறுகிற கோடு. அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு தீக்குச்சி. வடக்கத்திப் பார்ட்டிக்குச் சரக்கு எடுக்கிற ஏஜென்ட் அண்ணாச்சி ஒருவர் பெட்டியைத் திறந்து, அவர் இஷ்டத்துக்கு ஒரு குச்சியை உருவி, அப்பா கையிலேயே கொடுத்து உரசச் சொல்லுவார். ஒருநாள் நானும் கூட நின்றேன். மருந்தில் வச்சிரம் குறைந்திருக்க வேண்டும். உரசியதும் குச்சியின் தலை பற்றியபடி கழன்று பறந்து, அண்ணாச்சியின் மல்வேட்டியில் போய் உட்கார்ந்தது. பைசா அகலத்தில் ஓர் ஓட்டை. அண்ணாச்சி அதைத் தட்டிவிட்டுக்கொண்டு, "பத்துது, பத்துது. எங்க பத்துதுங்கிறதுதான் தெரியல" என்றார். ஆனாலும் சரக்கை எடுத்தார். குரோசுக்கு விலையைக் குறைத்து எடுத்தார். அப்பா அன்று ராத்திரி மருந்துச் சட்டியை மறுபடி காய்ச்ச உட்கார்ந்தவர் விடியும்போதுதான் எழுந்தார். விழித்திருந்ததற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. பித்தம் என்று அம்மா சீரகத் தண்ணீர் கொடுத்தாள்.

1934இலிருந்து தீப்பெட்டிக்குக் கலால் வரி இருந்தது. வரிப்பட்டை ஒட்டாத பெட்டி ஆபீஸ் வாசலைத் தாண்டக்கூடாது. சின்ன உற்பத்தியாளருக்குச் சலுகை இருந்தது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மேல்தட்டு வரி. சிவகாசி இதற்குக் கண்டுபிடித்த வழி எளியது. அளவு நெருங்கியதும் ஆபீஸ் வளராது, குட்டி போடும். அண்ணன் பெயரில் ஒன்று, மைத்துனன் பெயரில் ஒன்று, சம்சாரம் பெயரில் ஒன்று. அப்படித்தான் அம்மா ஒருநாள் புரோப்ரைட்டர் ஆனாள். அப்பா தாளை நீட்டி விரலை வைத்துக் காட்டிய இடத்தில் அவள் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுதினாள். ஒரு மதியம் அதிகாரி ஒருவர் விசாரிக்க வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா உரலில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். "நீங்கதானம்மா புரோப்ரைட்டர்?" என்று கேட்டதும், மாவுக்கையோடு எழுந்து நின்று, "அவுக வெளிய போயிருக்காக. வந்ததும் சொல்றேன்" என்றாள்.

ஊழியர்களைப் பற்றி மாப்பிள்ளை பேசும்போது "நாங்க ஒரே ஃபேமிலி" என்பான். ஆள் குறைப்பு வந்தபோது அந்தக் குடும்பத்தில் நான்கு பேருக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மெயில் போனது. நான் சிரிக்க முடியாது. எங்கள் ஆபீஸில் கட்டையில் குச்சி அடுக்கிய பிள்ளைகளில் பல பேருக்கு என் வயதுகூட இல்லை. விடியுமுன் ஆபீஸ் பஸ் கிராமம் கிராமமாகப் போய்த் தூக்கம் கலையாத சிறுமிகளை ஏற்றிக்கொண்டு வரும். அந்த விரல்களின் வேகத்தில்தான் விம்கோவின் இயந்திரத்தோடு இந்த ஊர் போட்டி போட்டது. கைத்தொழிலின் பெருமை பேசுகிற மேடைகளில் இது மட்டும் விட்டுப்போகும். எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அப்பாவின் ஆபீஸ் அதற்கு வெகு முன்பே மூடிவிட்டது.

மூடிய காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வெளியூர் பார்ட்டி ஒன்று சரக்கை வாங்கிவிட்டுக் கையை விரித்தது. ஒரு ஐப்பசி முழுக்க மழை. பேப்பர் கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார், பிறகு வழக்குப் போட்டார். நோட்டீஸ் யார் பெயருக்கு வரும்? புரோப்ரைட்டர் பெயருக்குத்தான். லாபம் வந்த வருஷங்களில் அம்மாவின் பெயரை யாரும் சொன்னதில்லை. நஷ்டம் வந்ததும் தபால்காரர் அதைச் சத்தமாக வாசித்தார். கோர்ட்டுக்குப் போன அன்று அவள் தன்னுடைய ஒரே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். கோர்ட்டுக்கு என்ன உடுத்துவது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அப்பா இடத்தையும் கூரையையும் விற்றுக் கடனைத் தீர்த்தார். சங்கிலி ஏலத்துக்குப் போனது. நான் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதப் போனேன்.

மாப்பிள்ளை இதையெல்லாம் கேட்டுத்தான் வளர்ந்தான். அப்படியும் 2017இல் வேலையை விட்டுவிட்டு, பட்டாசை ஆன்லைனில் விற்கத் தொடங்கினான். முதல் தீபாவளிக்கு நன்றாகவே ஓடியது. இரண்டாவது தீபாவளி 2018 நவம்பர் 6. அதற்குச் சரியாகப் பதினான்கு நாள் முன்னால், அக்டோபர் 23ஆம் தேதி, பசுமைப் பட்டாசு மட்டும், சரவெடி கூடாது, பேரிய உப்பு சேர்க்கக்கூடாது, இணையத்தில் விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சரவெடியும் பேரியமும் போனதில் ஊரே ஆடிப்போயிற்று. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. மாப்பிள்ளையின் கம்பெனிக்கு மூட ஆலைகூட இல்லை, ஒரு வெப்சைட்தான். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் வைத வசவில் தமிழ், இந்தி, கன்னடம் மூன்றும் கற்றுக்கொண்டான். பிறகு இனிப்புக்கடைகளுக்கு அட்டைப்பெட்டி அச்சடித்துக் கொடுக்கிற தொழிலுக்கு மாறினான். அதாவது, நான் கணக்கு எழுதிய அச்சகம் நாற்பது வருஷமாகச் செய்த வேலை. அவன் செய்யும்போது அது ஸ்டார்ட்அப்.

இதற்கு நடுவில் பெண் பார்க்கப் போனோம். அப்பா காலத்தில் "தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்காக" என்றால் அதற்குமேல் கேள்வி கிடையாது. இப்போது பெண்ணின் அப்பா கேட்டார்.

"மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு?"

"ஃபவுண்டர் சம்பளம் எடுக்கிறதில்லைங்க."

"யாரு எடுக்கிறா?"

"வேலை பாக்குறவங்க எல்லாருக்கும் குடுக்குறேங்க."

"அப்ப அவுகள்ல யாராச்சும் கல்யாணமாகாம இருக்காகளா?"

காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் இரண்டு டைரக்டர், இரண்டு பங்குதாரராவது வேண்டும் என்பது சட்டம். சிநேகிதன் விலகிய இடத்துக்கு யார்? என் தங்கச்சிதான். அவளுக்கு டைரக்டர் எண் உண்டு, டிஜிட்டல் கையெழுத்தும் உண்டு. அந்தக் கையெழுத்து இருக்கிற பென்டிரைவ் ஆடிட்டர் மேஜை டிராயரில் இருக்கிறது. அம்மாவாவது தன் கையால் எழுதினாள். பங்கு எவ்வளவு என்று கேட்டேன். "ஒண்ணு குடுத்திருக்கான்" என்றாள். ஒரு சதவீதமா, ஒரு பங்கா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் கொடுக்கும் டான்சீட் உதவித்தொகை 10 லட்சம், பெண்கள் தலைமையிலான நிறுவனம் என்றால் 15 லட்சம் என்று ஒருநாள் மாப்பிள்ளை கண் மின்னச் சொன்னான். "அம்மாவையே ஃபவுண்டர்னு போட்டுடலாம் மாமா." அறுபது வருஷத்துக்கு அப்புறம் அதே யோசனை, அதே வீட்டில். ஆடிட்டர் மட்டும், "அப்பப் பெரும்பங்கை அம்மா பேருக்கு மாத்திடலாமா தம்பி?" என்று கேட்டார். மாப்பிள்ளை போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அந்த மனு இன்னும் போடப்படவில்லை.

வங்கிக் கடனுக்கு டைரக்டர்கள் சொந்த ஜாமீன் தர வேண்டும் என்றபோது மட்டும் யோசனை நீளவில்லை. தங்கச்சி வீட்டுப் பத்திரமும் கையெழுத்தும் மறுநாளே போய்ச் சேர்ந்தன.

கல்லூரி மேடையில் இது வரவில்லை. அந்த அரங்கில் கைதட்டிய பிள்ளைகளில் நாளைக்குக் கம்பெனி தொடங்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவிடமோ சம்சாரத்திடமோ கையெழுத்துக் கேட்கும்போது, விரலை வைத்து இடத்தைக் காட்டாதீர்கள். தாளை முழுதாகப் படித்துக் காட்டுங்கள். கடன் யார் தலையில் விழும் என்று சொல்லுங்கள். பங்கு எவ்வளவு என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள்.