மொரப்பூருக்கு ஒரு டிக்கெட்

ரயிலே பார்க்காத ஊரின் ஏக்கம் ஒரு வகை. வந்த ரயிலைப் பறிகொடுத்த ஊரின் ஏக்கம் வேறு வகை. தருமபுரி இரண்டாவது ரகம். சென்னையிலிருந்து சேலம் போகும் பிரதான பாதையில், மொரப்பூர் வழியாக 1861-லேயே வண்டி ஓடிவிட்டது. 1906-இல் அங்கிருந்து தருமபுரிக்கு ஒரு கிளை போட்டார்கள். 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. அகலம் இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர். ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுபோய் அந்தத் தண்டவாளத்தின் நடுவே போட்டிருந்தால் கால் ஊன்ற இடம் போதாமல் போயிருக்கும். ஆனாலும் பஞ்ச காலத்தில் தானியம் வந்து சேரவேண்டும் என்று போட்ட பாதை அது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-இல் அதை மூடி, தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். போர் 1945-இல் முடிந்துவிட்டது. இரும்பு மட்டும் இன்னும் ஊர் திரும்பவில்லை.

அதற்காகத் தருமபுரிக்கு ரயிலே இல்லை என்றால் சாமி கண்ணைக் குத்தும். 1960-களின் இறுதியில் சேலம் – பெங்களூரு மீட்டர் கேஜ் பாதை ஊருக்கு வந்தது. 1990-களில் அது அகலப் பாதையானது. ஆக 762, 1000, 1676 என்று மூன்று அளவுகளையும் பார்த்த மண் இது. சட்டைக்கு அளவெடுக்கிற தையல்காரர்கூட இத்தனை முறை நாடாவை நீட்டமாட்டார். சிக்கல் என்னவென்றால், புதிய பாதை பழைய இடைவெளியை அடைக்கவில்லை. மொரப்பூர் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். தருமபுரி நிலையமோ 2003-இல் பிறந்த தென்மேற்கு ரயில்வேயைச் சேர்ந்தது. அதன் தலைமையகம் ஹூப்ளியில். ஒரே மாவட்டத்தில் இரண்டு ரயில்வேக்கள், பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகளைப் போல முகம் பார்க்காமல் ஓடுகின்றன. தருமபுரியிலிருந்து மொரப்பூருக்கு ரயிலில்தான் போவேன் என்று ஒருவர் அடம்பிடித்தால், தொப்பூர் மலையிறங்கி, ஓமலூர் தாண்டி, சேலத்தில் வண்டி மாறி, பொம்மிடி வழியாக மறுபடி வடக்கே வரவேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுதான். ஆனால் இங்கே கை வலிப்பது பயணிக்கு.

"பஸ்தான் இருக்கிறதே, எதற்கு ரயில்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள்: ஒரு தோளில் பெட்டி, இடுப்பில் குழந்தை, காலடியில் புளி மூட்டை, வாயில் "வண்டிய புடிச்சிரலாமுங்களா?" என்ற ஒரே கேள்வி. ரயிலைப் பிடிக்கவே பஸ் ஏறுகிறவர்களிடம் பஸ் இருக்கிறதே என்பது, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவரிடம் டம்ளரைக் காட்டுவது போல. வருமானம் வராது என்பது அடுத்த வாதம். 1906-இலும் லாபக் கணக்கு ஒன்றையே பார்த்திருந்தால் அந்தக் கிளை முளைத்திருக்காது. பசியைக் கணக்கில் சேர்த்ததால்தான் முளைத்தது. நிலம் எடுப்பது கஷ்டம் என்கிற மூன்றாவது வாதத்தில் மட்டும் உண்மை கனமாகவே இருக்கிறது. எண்பது வருஷம் நிலம் காத்திருக்குமா என்ன? வீடு வாசல் எழும்பிவிடும். அங்கே குடியிருப்பவருக்கும் வயிறு உண்டு. ஆனால் அந்தச் சிரமம், தாமதித்ததற்கு விழுந்த வட்டி. வட்டி ஏறிவிட்டது என்பதற்காக அசலைக் கட்டாமலே இருப்பது எந்த ஊர் நியாயம்?

2019-இல் 36 கிலோமீட்டர் மொரப்பூர் – தருமபுரி பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். தகடூர் என்ற பழைய பெயரில் இதே ஊரை ஆண்ட அதியமான், ஆயுளை நீட்டும் நெல்லிக்கனியை முழுசாக ஔவைக்கே கொடுத்திருக்க வேண்டாம். இந்தப் பாதையில் பயணம் செய்ய விரும்பும் மூத்த குடிமக்களுக்கு ஒரு சுளை மிச்சம் வைத்திருக்கலாம். ரயில் வந்து சேரும்வரை மொரப்பூர் பஸ்ஸின் நடத்துநர்தான் தருமபுரியில் தெற்கு ரயில்வேயின் முதல் ஊழியர். சம்பளம் மட்டும் வேறு இடத்திலிருந்து வருகிறது.